கிளம்பாத பழைய டிராக்டர்: கோளாறு அறியும் முறை

நீர் இருப்பு இடங்கொடுக்கும் வருஷங்களில் மேட்டூர் அணையைப் பாசனத்திற்காக ஜூன் மாதம் 12-ந் தேதி திறப்பது வழக்கம். வாய்க்காலில் நீர் வந்து சேரும் அந்த நாட்களில், குறுவைக்கு உழவு தொடங்கவேண்டி, பங்குனி முதல் கொட்டகையில் நின்றிருந்த பழைய டிராக்டரின்மீது ஏறிச் சாவியைத் திருகும் குடியானவர் பலர், எஞ்சின் கிளம்பாமல் திகைத்து நிற்பதுண்டு. அந்த வாரத்தில் வாடகை டிராக்டர் எளிதில் அகப்படாது; ஊரில் எல்லோருக்கும் ஒரே வேளையில் உழவு. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும். வயலில் நிறுத்திய நீர் வற்றிக்கொண்டிருக்கும். இத்தகைய அவசரத்தில்தான் தவறான சிகிச்சைகள் நடைபெறுகின்றன. பாட்டரி கெட்டுவிட்டதென்று ஒருவர் கூறப் புதிய பாட்டரி வாங்கப்படுகிறது. பம்பு கெட்டுவிட்டதென்று மற்றொருவர் கூற, எண்ணெய்ப் பம்பைக் கழற்றிப் பட்டணத்திற்கு அனுப்புகிறார்கள். பம்பு திரும்பி வந்து பூட்டிய பிறகும் எஞ்சின் கிளம்புவதில்லை. முடிவில், எண்ணெய்க் குழாயின் மூட்டிலிருந்த செப்பு வாஷர் ஒன்று தேய்ந்து, காற்றை உள்ளே விட்டதே காரணமென்று தெரியவருகிறது. அற்ப விலையுள்ள ஒரு வாஷருக்காகப் பெருந்தொகையும், பருவத்தில் நான்கு நாட்களும் வீணாகின்றன.

எந்தப் பகுதியையும் கழற்றுமுன், கோளாறு எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று நிர்ணயித்துக்கொள்ள எளிய முறை ஒன்று உண்டு. அதற்குக் கண்ணும் காதும் இரண்டொரு ஸ்பானர்களும் போதும். இங்கே கூறப்படுவது, எண்ணெய்ப் பம்பு முதலிய யாவும் யந்திர விசையாலேயே இயங்கும் பழைய டீசல் டிராக்டர்களுக்குப் பொருந்தும். 1960-ம் வருஷம் சென்னையில் தொடங்கப்பெற்ற டாபே கம்பெனியின் பழைய மாஸ்ஸி பெர்குஸன் 1035, மஹிந்திராவின் பி-275 போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. மின்னணுக் கருவியினால் எண்ணெய் அளக்கப்படும் புதிய டிராக்டர்களுக்கு இம்முறை முழுவதும் ஒவ்வாது. அவற்றின் எண்ணெய்க் குழாய்களில் அழுத்தம் மிகமிக அதிகமாதலால், கொட்டகையில் வைத்து அவற்றை அவிழ்க்கவே கூடாது.

டீசல் எஞ்சின் வேலை செய்யும் விதத்தைச் சிறிது அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்த மின்பொறி வேண்டும். 1897-ம் வருஷம் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் என்பவர் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் பொறியே இல்லை. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் மேலே தள்ளி, அதன் பருமனில் 16-ல் அல்லது 20-ல் ஒரு பங்காகும்படி நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு சுடுவதை யாவரும் கண்டிருப்பர். அதே காரணத்தால் இந்தக் காற்று 500 டிகிரி ஸெண்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசல் எண்ணெயைப் புகைபோல் நுண்ணியதாய்த் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆகவே இவ்வெஞ்சின் கிளம்புவதற்கு வேண்டுபவை மூன்றே: போதிய வேகத்துடன் அது சுற்றவேண்டும், நெருக்கப்பட்ட காற்று கசியாமல் சூடேற வேண்டும், காற்றும் நீரும் கலவாத எண்ணெய் உரிய நேரத்தில் தெளிக்கப்பட வேண்டும். கிளம்பாத எஞ்சினில் இம்மூன்றில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது.

சோதனையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை அவசியம். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கைப்பிரேக் பிடித்திருக்கிறதா, சக்கரங்களுக்கு அண்டைக்கல் வைத்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே கையை வைக்கவேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு முனைகளையும் திருப்புளியால் இணைத்து எஞ்சினைக் கிளப்பும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இதைச் செய்பவர் பெரிய பின்சக்கரத்திற்கு முன்னால் தரையில் நிற்கிறார். கியரில் விடப்பட்ட டிராக்டர் கிளம்பியதும் முன்னே பாயும். அவர் விலகுவதற்கு அவகாசமிராது. இவ்விதம் உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு. கியர் நியூட்ரலில் இல்லாவிடில் ஸ்டார்ட்டரை இயங்கவொட்டாமல் தடுக்கும் சுவிட்சு சில வண்டிகளில் இருக்கிறது. அது பழுதாகிவிட்டதென்று கம்பியை நேராக இணைத்துவிடுவதும் இதே ஆபத்தை வரவழைப்பதாகும்.

எஞ்சின் சுற்றாதபோது

ஆசனத்தில் அமர்ந்து, கிளட்சை மிதித்துக்கொண்டு, முன்விளக்கைப் போட்டுச் சாவியைத் திருக வேண்டும். விளக்கைப் பார்க்க மற்றொருவர் முன்னால் சற்று ஒதுங்கி நிற்கலாம். விளக்கு முழுதும் அணைந்துவிட்டால் பாட்டரியின் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது, அல்லது பாட்டரி காலியாக இருக்கிறது. விளக்கு மிகவும் மங்கி எஞ்சினும் முனகினால், பாட்டரியில் மின்சாரம் குறைவு, அல்லது எஞ்சினை ஏதோ இறுக்கிப் பிடித்திருக்கிறது. விளக்கு மங்காமலே இருக்க ஸ்டார்ட்டரிலிருந்து ஓசையே இல்லையாயின், சாவிச் சுவிட்சிலோ ஸொலனாய்டிலோ இடையிலுள்ள கம்பியிலோ குறை இருக்கவேண்டும். கோடையில் கொட்டகையில் நின்ற வண்டியானால், எலி கடித்த கம்பியை முதலில் தேடுவது நலம்.

‘விளக்குத்தான் எரிகிறதே, பாட்டரி எப்படிக் கெட்டிருக்கும்?’ என்று கேட்பவர் அநேகர். ஒரு முன்விளக்கு எரிவதற்கு நாலைந்து ஆம்பியர் மின்சாரம் போதும். டீசல் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டருக்கோ சில நூறு ஆம்பியர் வேண்டும். கைக்குட்டை நனையும் நீரைக்கொண்டு கழனிக்குப் பாய்ச்ச இயலாததைப் போன்றது இது. 12 வோல்ட் பாட்டரி முழுதும் ஏற்றப்பட்டு ஓய்வாக இருக்கையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே வந்தால் அநேகமாகக் காலியென்று கொள்ளலாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது 9.5 வோல்டுக்குக் கீழே விழுமானால், பாட்டரியை ஏற்றவேண்டும். ஏற்றியும் அவ்வாறே விழுந்தால் மாற்றவேண்டும். ஏற்றும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் என்னும் வாயு வெளிப்படுகிறது. அது பொறி பட்டால் வெடிப்பதாகையால், பீடி சுருட்டுடன் அதன் அருகில் குனியலாகாது. திராவகம் குறைந்த அறைகளில் வாலைநீர் மட்டுமே விடவேண்டும். கிணற்று நீர் உதவாது.

பாட்டரி நல்ல நிலையில் இருந்தும் ஸ்டார்ட்டர் தளர்ந்து சுற்றுவது பழைய வண்டிகளில் சர்வசாதாரணம். இதற்குக் காரணம் பெரும்பாலும் கம்பி மூட்டுகளே. பாட்டரியின் முனைகளில் வெண்மையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கும் உப்பு மின்சாரத்தைத் தடுக்கும். ஆப்பச் சோடாவைக் கரைத்த வெந்நீரால் அதைக் கழுவி, ஈயம் பளிச்சிடும்வரை சுரண்டி, இறுகப் பூட்டி, மேலே வாஸலின் தடவவேண்டும். இதனினும் அதிகமாக மறக்கப்படுவது, பாட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் பட்டைக்கம்பியாகிய எர்த் கம்பி. துருவின்மேலும் பெயிண்டின்மேலும் அது பூட்டப்பட்டிருந்தால் பாட்டரியின் வலிமை பாதியும் அங்கேயே செலவாகிவிடும். குற்றமுள்ள மூட்டைக் கண்டுபிடிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. பத்து விநாடி ஸ்டார்ட்டரை இயக்கி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். எது சுடுகிறதோ அதுவே குற்றவாளி. கம்பிகளைக் கழற்றும்போது எர்த் கம்பியை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள்வது முறை. பழைய ஆங்கில டிராக்டர்கள் சிலவற்றில் எதிர்முனைக்குப் பதிலாக நேர்முனை வண்டியுடலோடு இணைக்கப்பட்டிருக்குமாதலால், நிறத்தை நம்பாமல் குறியைப் பார்த்தே பூட்டவேண்டும்.

ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் பத்து பதினைந்து விநாடிக்கு மேல் இயக்கலாகாது. இடையில் ஒரு நிமிஷமேனும் ஓய்வு தரவேண்டும். அவசரத்தில் விடாமல் திருகிப் பாட்டரியையும் தீர்த்து, மோட்டாரின் சுருளையும் கருக்கிவிட்டால், ஒரு கோளாறு மூன்றாகிவிடும்.

ஸ்டார்ட்டர் ‘டக்’கென்று பற்றி, எஞ்சின் அணுவளவும் அசையாமல் நின்றால் உடனே நிறுத்தவேண்டும். புகைக்குழாய் மேல்நோக்கி நிற்கும் டிராக்டர், அதன் வாயில் மூடியில்லாமல் மழையில் நின்றிருந்தால், நீர் உள்ளே இறங்கித் திறந்துள்ள வால்வு வழியாகச் சிலிண்டரை அடைந்திருக்கக்கூடும். காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க முடியாது. பலவந்தமாகச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். வேறொரு வண்டியால் இழுத்துக் கிளப்ப முயன்றால் நஷ்டம் இன்னும் அதிகம். நாசில்களைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினால், நீர் இருக்குமாயின் அத்துவாரங்கள் வழியே பீறிட்டு வெளிவரும். அதன் பிறகு எஞ்சின் ஆயிலையும் பார்க்கவேண்டும். அளவுக்கம்பியில் ஆயில் உயர்ந்தோ மோர்போல் வெளுத்தோ காணப்பட்டால், அதை மாற்றாமல் ஓட்டலாகாது.

சுற்றியும் கிளம்பாதபோது: புகையைப் பார்த்தல்

எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றியும் கிளம்பவில்லையென்றால், அடுத்துப் பார்க்கவேண்டியது பம்பையோ நாசிலையோ அன்று; புகைக்குழாயின் வாயை. ஒருவர் சாவியைத் திருக, மற்றொருவர் சற்றுத் தள்ளி நின்று கவனிக்கவேண்டும். புகை சிறிதும் வராவிட்டால் சிலிண்டருக்குள் எண்ணெய் போகவில்லை. வெள்ளைப் புகை மூட்டமாக வந்தால் எண்ணெய் போகிறது, ஆனால் பற்றவில்லை. கரும்புகை வந்து எஞ்சின் இருமி இருமி நின்றால், எண்ணெய் உண்டு, காற்றுப் போதவில்லை. பம்பைக் கழற்றி அனுப்பும் செலவில் பெரும்பகுதி இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் நேருவது.

புகையே இல்லாத வண்டிகள்தான் அதிகமாதலால் அதைப் பற்றி விரிவாகக் கூறுவது பொருந்தும்.

எஞ்சினை நிறுத்த இழுக்கும் குமிழ் முழுதும் உள்ளே சென்றிருக்கிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். குமிழ் உள்ளே போனாலும், துருப்பிடித்த கம்பி பம்பின் நெம்புகோலைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கலாம்; பம்பின் அருகே சென்று அந்நெம்புகோல் அசைவதைக் கண்ணால் கண்டு உறுதிசெய்ய வேண்டும். கம்பிக்குப் பதிலாக மின்சாரத்தால் எண்ணெயைத் திறந்து மூடும் வண்டியானால், சாவியைப் போட்டவுடன் பம்பினருகே ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கவேண்டும். பிறகு டாங்கியில் எண்ணெய் இருக்கிறதா, அடியிலுள்ள குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இவற்றைக் கூறுவது பரிகாசமாகத் தோன்றலாம். ஆனால் மெக்கானிக்கை அழைத்துவரப் பத்து மைல் சென்றபின் இவை தெரியவருவது புதிதன்று. டாங்கி மூடியிலுள்ள சிறு துவாரத்தையும் கவனிக்கவேண்டும். எண்ணெய் இறங்க இறங்க அதன் வழியே காற்று உட்செல்லாவிடில் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். கோடையில் நின்ற வண்டிகளில் குளவி மண்ணால் அடைத்துவிடும் துவாரங்களில் இதுவும் ஒன்று. மூடியைத் தளர்த்தியவுடன் எண்ணெய் ஓடத் தொடங்கினால் காரணம் அதுவே.

இவையெல்லாம் சரியாயிருந்தால், பெரும்பாலும் குழாய்களில் காற்றுப் புகுந்திருக்கிறது. 35 குதிரைச் சக்தியுள்ள எஞ்சினில் முழு உழைப்பின்போதும் பம்பு ஒரு தடவைக்கு ஒரு சிலிண்டருக்கு அனுப்பும் எண்ணெய் சுமார் ஒரு துளிதான். நாசிலின் வாய் திறப்பதற்கோ வாயுமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். எண்ணெய் நெருக்கத்திற்கு அடங்காதது. தள்ளியவுடன் மறுமுனையில் அழுத்தம் தோன்றிவிடும். இடையில் காற்றுக் குமிழி ஒன்று இருந்தாலோ, பம்பு தள்ளத் தள்ள அது வில்லைப்போல் சுருங்கிச் சுருங்கி விரியும். நாசில் திறப்பதே இல்லை. பம்பும் நல்லது, நாசிலும் நல்லது, எண்ணெயும் நல்லது. எஞ்சின் மட்டும் கிளம்பாது.

இக்காற்றை வெளியேற்றுவதற்கு வரிசைக்கிரமம் உண்டு. டாங்கியிலிருந்து நாசிலை நோக்கி எண்ணெய் செல்லும் வழியிலேயே செல்லவேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டினால் அங்குள்ள காற்று மறுபடியும் முன்னே போய்விடும். டாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்பி, பில்டர்களின் மேலும் பம்பின்மேலும் உள்ள மண்ணை முதலில் துடைத்துவிட வேண்டும். முதல் பில்டரின் தலையிலுள்ள காற்றுத் திருகாணியை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, பீடு பம்பின் கைநெம்புகோலை அமுக்கிக்கொண்டே இருந்தால், நுரையும் குமிழியுமாக எண்ணெய் வரும். குமிழி நின்று தெளிந்த எண்ணெயாய் ஓடும்போது, நெம்புகோலை விடாமலே திருகாணியை இறுக்கவேண்டும். கைநெம்புகோல் சில சமயங்களில் தடையே இல்லாமல் தொளதொளவென்று ஆடும். பீடு பம்பு கெட்டுவிட்டதாக இதைக் கண்டு முடிவுசெய்வது தவறு. உள்ளேயுள்ள காம் அதை ஏற்கெனவே தூக்கிப் பிடித்திருப்பதே காரணமாக இருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டால் நெம்புகோலுக்கு உயிர் வந்துவிடும். இரண்டாவது பில்டருக்கும், பிறகு பம்பின் உடலிலுள்ள திருகாணிக்கும் இவ்வாறே செய்யவேண்டும். சுழல் வகைப் பம்புகளில் இத்தகைய திருகாணிகள் இரண்டு இருப்பதுண்டு. கீழுள்ளதை முதலிலும் மேலுள்ளதைப் பின்னரும் திறப்பது வழக்கம்.

கடைசியாக, நாசில்களுக்குச் செல்லும் மெல்லிய எஃகுக் குழாய்களின் மரைகளை நாசில் முனையில் ஒரு சுற்றுத் தளர்த்தி, வேக நெம்புகோலை முழுதும் திறந்துவைத்து, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றவேண்டும். முதலில் நுரைத்துப் பின்னர் துடிப்புத் துடிப்பாக எண்ணெய் கொட்டத் தொடங்கியதும் மரைகளை இறுக்கிவிடலாம். சில எஞ்சின்கள் கடைசி மரையை இறுக்குமுன்பே கிளம்பிவிடும். அப்போது வேகத்தை உடனே தணிக்கவேண்டும். இவ்வேளையில் எண்ணெய் பீச்சும் இடத்தில் கையை வைத்துப் பார்க்கலாகாது. நாசிலின் அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். காயம் ஊசிக்குத்துப்போல் சிறிதாகவே தோன்றும். வலியும் முதலில் அதிகமிராது. ஆயினும் தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடுமாதலால், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று நடந்ததைச் சொல்லவேண்டும்.

காற்றை வெளியேற்றியதும் எஞ்சின் கிளம்பிற்று. மறுநாட் காலையில் மறுபடியும் கிளம்பவில்லை என்றால், வியாதி தீரவில்லை. வியாதியின் குறிதான் தீர்ந்தது. தினந்தோறும் காற்றெடுத்து வண்டியை ஓட்டுபவர் சிலர் அதை வண்டியின் சுபாவமென்றே எண்ணிவிடுகிறார்கள். காற்று எங்கேயோ நுழைகிறது. டாங்கிக்கும் பீடு பம்புக்கும் இடையிலுள்ள பகுதியே முக்கியமாய்ச் சந்தேகிக்கத்தக்கது. அங்கே எண்ணெய் உறிஞ்சப்படுவதால், வெடிப்பு இருந்தாலும் எண்ணெய் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். கண்ணுக்கு எல்லாம் சுத்தமாகவே தெரியும். வெயிலில் உலர்ந்து நுண்ணிய பிளவு கண்ட ரப்பர்க் குழாய், பலமுறை இறுக்கித் தட்டையான செப்பு வாஷர், பில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம் ஆகிய மூன்றையும் மாற்றுவது அற்பச் செலவே. அப்படியும் ஐயம் தீராவிடில், சுத்தமான டீசலை ஒரு கேனில் நிரப்பி, எஞ்சினைவிட உயரத்தில் எண்ணெய் தாங்காமல் நழுவாதபடி கட்டிவைத்து, கண்ணாடிபோல் உட்புறம் தெரியும் பிளாஸ்டிக் குழாயால் பீடு பம்பின் வாயில் நேரே இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். எஞ்சின் நன்றாக ஓடினால், குற்றம் டாங்கி, அதன் குழாய், முன்பில்டர் இவற்றுள் அடங்கியது. ஓடாவிட்டால் பீடு பம்பு முதல் நாசில் வரையில் உள்ளது. பாதித் தேடுதல் இதனால் மிச்சம்.

நீரும் காற்றைப்போலவே தொல்லை தருவது. டாங்கி காலியாக நின்றால் இரவின் குளிர்ச்சியில் அதன் உட்சுவரில் பனித்துளி படிந்து எண்ணெயின் அடியில் நீராகத் தேங்கும். அடிப்பில்டரிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிச் சீசாவில் பிடித்துக் கால்மணி நேரம் வைத்தால், நீர் அடியில் தனியே நிற்பது தெரியும். பம்பின் உள்ளே ஒன்றுக்குள் ஒன்று ஓடும் எஃகுத் தண்டுக்கும் அதன் குழலுக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கும் இல்லை. அங்கே நீர் புகுந்து துருப்பிடித்தால் தண்டு ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில், பழைய எண்ணெய் பிசினாகி, பம்பில் எண்ணெய் அளக்கும் பகுதியை ஒட்டவைத்துவிடுவதும் உண்டு. காற்று முழுதும் நீங்கி, பம்பின் வாய் வரையில் எண்ணெய் நன்றாக வந்தும், நாசில் குழாய்களில் ஒரு துளியும் வராவிட்டால்தான் பம்பைச் சந்தேகிக்க நியாயமுண்டு. அப்போது அதைத் திறந்து பார்ப்பது கொட்டகை வேலையன்று. அளவுமேடையில் வைத்துச் சோதிக்கும் வசதியுள்ள பட்டறைக்கே அனுப்பவேண்டும். ஒட்டியிருந்த பம்பு திடீரென்று விடுபட்டு, எஞ்சின் அடக்கமின்றிப் பெருவேகத்தில் ஓடுவதுண்டு. அப்போது நிறுத்துங் குமிழும் பயன்படாது. காற்று உறிஞ்சும் வாயை மரப்பலகையால் அடைத்து நிறுத்தலாம். அதற்காகப் பலகையொன்றைக் கைக்கெட்டுமிடத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கையாலோ துணியாலோ அடைக்க முயலக்கூடாது.

வெள்ளைப் புகையும் கரும்புகையும்

வெள்ளைப் புகை வருமாயின், உள்ளே போன எண்ணெய் எரியாமல் ஆவியாக வெளியேறுகிறதென்று பொருள். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுவதே இதற்கும் பெரும்பாலும் காரணம். காற்றை மெல்ல நெருக்கினால், தோன்றும் சூட்டைச் சிலிண்டர்ச் சுவர் உறிஞ்சிவிடுகிறது. காற்றும் பிஸ்டன் வளையங்களின் ஓரமாய்க் கசிந்துவிடுகிறது. எனவே பாட்டரியின் குறை எண்ணெயின் குறையைப்போல் வேஷம் போடும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் எஞ்சினைச் சூடாக்கும் கருவி அவசியம். அது சில எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஹீட்டர் பிளக்காகவும், வேறு சிலவற்றில் காற்றுக் குழாயில் சிறிது டீசலை எரிக்கும் தெர்மோஸ்டார்ட்டாகவும் அமைந்திருக்கும். சாவியைச் சூடேற்றும் நிலையில் பதினைந்து இருபது விநாடி பிடித்திருந்தும் அப்பகுதி தொடுவதற்குச் சூடேறாவிட்டால், கருவியோ கம்பியோ அற்றிருக்கிறது. சமவெளியில் வைகாசி மாதத்தில் சூடேற்றினால்தான் கிளம்புவேனென்று ஒரு டிராக்டர் பிடிவாதம் செய்தால், அதன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்துவிட்டன. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், ஓடும் எஞ்சினிலிருந்து புகை குபுகுபுவென்று வருவதும் இதற்கு அடையாளம். கொட்டகையில் இதற்குச் செய்யத்தக்கது வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பது ஒன்றே. மற்றவை எஞ்சின் வேலை.

கரும்புகைக்குக் காற்றுச் சுத்திகரிப்பானையே முதலில் பார்க்கவேண்டும். ஆயில் கிண்ணமுள்ள பழைய வகையில் ஆயில் சேறாகிக் கம்பிவலை அடைபட்டிருக்கும். சில வேளைகளில் எலி வைக்கோலைக் கொண்டுவந்து குடும்பமே நடத்தியிருக்கும்.

இத்தகைய எஞ்சின்களைக் கிளப்ப, பெட்ரோலில் நனைத்த துணியைக் காற்று வாயில் பிடிப்பதும், ஈதர் கலந்த திரவத்தைப் பீச்சுவதும் பல இடங்களில் வழங்குகின்றன. அவை உரிய நேரத்திற்கு முன்பே வெடித்துப் பிஸ்டனையும் வளையங்களையும் உடைக்கக்கூடியவை. தெர்மோஸ்டார்ட் உள்ள எஞ்சினிலோ, காற்றுக் குழாயிலேயே தீப்பற்றி முகத்தில் அடிக்கும். பெட்ரோல் துணி காட்டினால்தான் கிளம்பும் என்ற நிலைக்கு வந்த வண்டி, தன் தேய்மானத்தைத் தெரிவிக்கிறது; அதற்குத் துணி மருந்தாகாது.

நிறுத்திவைக்கும் காலத்தில்

மேற்கூறிய கோளாறுகளுள் பெரும்பாலானவை ஓட்டத்தில் நேர்வன அல்ல, நிறுத்தத்தில் நேர்வன. ஆகையால் வேலை முடிந்து கொட்டகையில் விடும் நாளில் கால்மணி நேரம் செலவிட்டால் உழவு நாளில் நான்கு நாட்கள் மிஞ்சும். டாங்கியைக் கழுத்துவரை நிரப்பிவிட்டால் பனி படிய இடமிராது. பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றிவைத்து, மாதம் ஒரு முறை ஏற்றிவிடவேண்டும். பதினைந்து நாட்களுக்கொருமுறை எஞ்சினைக் கிளப்புவது நல்லதே. ஆனால் இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவதால், ஸ்டார்ட்டர் செலவழித்த மின்சாரமும் பாட்டரிக்குத் திரும்புவதில்லை. எஞ்சினும் சூடேறாமல் உள்ளே ஈரந்தான் சேர்கிறது. அரைமணி நேரம் சிறிது உழைக்கவிட்டு நிறுத்தவேண்டும். செப்பு வாஷர்கள், ஒரு பில்டர், ஒரு முழம் ரப்பர்க் குழாய், அதற்குரிய கிளிப்புகள் ஆகியவற்றை ஒரு தகரப் பெட்டியில் இட்டு வண்டியிலேயே வைத்திருப்பது உசிதம். இவை வேண்டியிருக்கும் நாளில் கடை பூட்டியிருக்கும்.

புகைக்குழாயின் வாய்க்குப் பழைய தகரக் குவளை ஒன்றைக் கவிழ்த்தால் போதும்; மழையும் குளவியும் அணுகா. அதை எடுக்க மறந்து எஞ்சினைக் கிளப்புவதும் நேருமாதலால், குவளையிலிருந்து ஒரு கயிற்றைக் கொணர்ந்து ஸ்டியரிங் வளையத்தில் கட்டிவைக்க வேண்டும்.